மூப்படைந்த பூனையும் முதற்சீலமும்

முதற்சீலத்தை ஏற்றுக்கொண்ட இல்லத்தில் பூனையொன்று மூப்படைந்து நோயுற்றுக் கிடக்குமாயின், அவ்வில்லத்தார் செய்யத்தக்கது யாது? கேள்வி சிறிதாகத் தோன்றலாம். ஆயினும் நம் உபாசக உபாசிகையரிடையே இஃது இருவேறு வடிவங்களில் எழக் காண்கிறோம். ஒரு சாரார், "ஊசியொன்றால் அதன் துன்பத்தை முடித்துவிடலாம் என்கிறார் மருத்துவர், உயிர்க்கொலை செய்யேன் என்று சீலம் ஏற்ற நாம் அதற்கு இசையலாமா?" என வினவுகின்றனர். மற்றொரு சாரார், "மனிதருக்கே மருந்தும் கஞ்சியும் எட்டாத குடும்பங்கள் நம்மிடையே இருக்கப் பூனைக்குப் பணிவிடை என்று பேசுவது தகுமோ?" எனக் கசந்து கேட்கின்றனர். முன்னது சீலத்தைப் பற்றிய ஐயம். பின்னது நம் வரலாற்றிலிருந்து பிறக்கும் ஐயம். பின்னதற்கு விடை கூறாமல் முன்னதை எடுத்துக்கொள்வது முறையன்று.

அக்கசப்புக்குக் காரணம் உண்டு. இந்நாட்டில் உயிரிரக்கம் பேசியோர் பலர். எறும்புக்கும் பசுவுக்கும் அவ்விரக்கத்தை அளந்து கொடுத்துவிட்டு, மனிதனுக்கு மட்டும் கைவிரித்தோரும் அவர்களுள் பலர். மனுநூலின் பதினோராம் அத்தியாயம், பூனை, கீரி, தவளை, நாய், ஆந்தை, காக்கை முதலியவற்றைக் கொன்றவனுக்குச் சூத்திரனைக் கொன்றவனுக்குரிய பிராயச்சித்தத்தையே விதிக்கிறது. இது பூனையின் உயிரை மதித்து எழுந்த விதியன்று. மனிதனின் உயிரை மலிவாக்கி எழுந்த விதி. மகாத் நகரின் சவதார் குளத்தில் விலங்குகள் தடையின்றி நீரருந்தின. நம்மவர் கைவைக்கலாகாது என்றிருந்தது. 1927 மார்ச் 20 அன்று பாபாசாகேப் அம்பேத்கர் தலைமையில் மக்கள் திரண்டு சென்று அந்நீரை அருந்தினர். உடனே குளம் தீட்டுப்பட்டதென்று சடங்கு செய்து அதைத் 'தூய்மை' செய்தனர் சாதி இந்துக்கள். அவ்வாண்டு டிசம்பர் 25 அன்று அதே மகாதில் மனுநூல் எரியூட்டப்பட்டது. 1931 ஆகஸ்டு 14 அன்று பம்பாயில் காந்தியாரைச் சந்தித்தபோது, நாயினும் பூனையினும் கீழாக நாங்கள் நடத்தப்படுகின்ற, குடிநீரும் கிட்டாத நாட்டை எமது தாயகம் என்று எங்ஙனம் சொல்வது என்னும் பொருள்படப் பாபாசாகேப் கேட்டார். இவ்வளவையும் நெஞ்சில் சுமந்த ஒருவர் பூனையைப் பற்றிய பேச்சைக் கேட்டு முகம் சுளிப்பாராயின், அவரைக் குறைகூற நமக்கு வாயில்லை.

ஆயினும் ஒன்றை ஆராய்ந்து பார்த்தல் வேண்டும். குளத்தில் நீரருந்திய விலங்கா நம்மைத் தடுத்தது? பூனையைப் பேணியது குற்றமா, மனிதனைப் பேணாதது குற்றமா? உயிர்களை ஏணிப்படிகளாக அடுக்கி, எந்தப் படியில் எவர் நிற்கவேண்டுமெனத் தீர்ப்புரைத்த மனமே குற்றம் புரிந்த மனம். அவ்வேணியை நாம் மறுத்தோம். மறுத்த பின்னர் அதே ஏணியை நம் வீட்டுக்குள் கொணர்ந்து, நமக்குக் கீழே ஒரு படி அமைத்து அதில் பூனையை நிறுத்தி, "இது கீழானது, எப்படியும் போகட்டும்" என்று சொல்வோமாயின், ஏணி அழியவில்லை, நாம் நின்ற படி மட்டுமே மாறிற்று.

1956 அக்டோபர் 14 அன்று நாகபுரியில் பாபாசாகேப் தம் மக்களுக்கு அளித்த இருபத்திரண்டு உறுதிமொழிகளில், எல்லா உயிர்களிடத்தும் இரக்கமும் அன்பும் கொண்டு அவற்றைக் காப்பேன் என்பதும் ஒன்று. நாயினும் பூனையினும் கீழாக நடத்தப்படுகிறோம் என்று 1931-இல் சொன்ன அதே நாவே இருபத்தைந்து ஆண்டுகளுக்குப் பின்னர் இவ்வுறுதியையும் மொழிந்தது. இரண்டுக்கும் முரண்பாடில்லை. தமது இறுதி நூலாகிய 'புத்தரும் அவர் தம்மமும்' என்பதில், மைத்திரி மனிதரோடு நின்றுவிடாமல் உயிர்கள் அனைத்தின்மீதும் பரவவேண்டும் என்று அவர் விளக்கியிருக்கிறார். மனிதனை விட்டுவிட்டு விலங்குக்குச் செல்லும் இரக்கம் போலி. மனிதனைத் தழுவி, அவனோடு நின்றுவிடாமல் அப்பாலும் செல்வதே மைத்திரி. அசோக மாமன்னரின் இரண்டாம் பாறைக் கல்வெட்டும் இந்நெறியையே காட்டுகிறது. மனிதருக்கான மருத்துவம், விலங்குகளுக்கான மருத்துவம் என இரண்டையும் அக்கல்வெட்டு ஒருங்கே வைத்துக் கூறுகிறது. மருந்து மூலிகைகள் இல்லாத இடங்களில் அவற்றைக் கொணர்ந்து நடுவித்ததையும், மனிதரும் விலங்குகளும் பயன்பெறக் கிணறு தோண்டி மரம் நட்டதையும் சொல்கிறது. அம்மருத்துவம் சென்றடைந்த எல்லைப்புற நாடுகளின் வரிசையில் சோழரும் பாண்டியரும் இடம்பெற்றுள்ளனர். ஆகவே விலங்குக்கு மருத்துவம் என்பது தமிழர்க்குப் புதிதாக வந்த ஆடம்பரமன்று. பௌத்த அறத்தின் பழைய கிளைகளுள் அஃதும் ஒன்று.

இனி நோயுற்ற பூனையிடம் வருவோம். பூனை பத்தாண்டைக் கடந்தால் முதுமையடைந்ததாகக் கொள்ளப்படும். பதினைந்து வயதுப் பூனையின் நிலை, மனிதரில் எழுபத்தைந்தைக் கடந்தவரின் நிலையை ஒத்தது. அவ்வயதில் அதனை மிகுதியும் பற்றும் நோய் சிறுநீரகத் தளர்ச்சி. தைராய்டு சுரப்பி மிகைப்படுதல், மூட்டுத் தேய்வு, பல்லும் ஈறும் அழுகுதல், இரத்த அழுத்தம் ஆகியனவும் பெரும்பாலும் காணப்படும். இரத்த அழுத்தம் மிகுந்து ஒரே இரவில் கண்பார்வை போய்விடுவதும் உண்டு. சிறுநீரகத்தின் செயலில் மூன்றில் இரண்டு பங்கு போன பின்னரே நோய் வெளிப்படத் தொடங்கும். அடிக்கடி நீரருந்துவதும், மிகுதியாகச் சிறுநீர் கழிப்பதும், நல்ல உணவு கிடைத்தும் உடல் மெலிவதும் அதன் அறிகுறிகள். நம் வீடுகளில் இவற்றைக் கண்டோர், "வயதாகிவிட்டது, அவ்வளவுதான்" என்று விட்டுவிடுவது வழக்கம். மூப்பு நோயன்று, மூப்பினுள் ஒளிந்திருப்பது பெரும்பாலும் நோய். அதிலும் பூனை தன் வலியை மறைக்கும் இயல்பினது. கத்தாது, முனகாது. கட்டிலடியிலும் மூலையிலும் ஒதுங்கிக் கிடக்கும். தாவி ஏறிய இடத்தில் ஏறாது. நாள்தோறும் நக்கித் தூய்மை செய்துகொண்ட உடம்பை நக்காமல் விட்டுவிடும். மயிர் திரிதிரியாகச் சடைபிடிக்கும். இவையே அது பேசும் மொழி.

வினயபிடகத்தின் மகாவக்கத்தில் சீவரத்தைப் பற்றிய பகுதியில் ஒரு வரலாறு உள்ளது. வயிற்றுப்போக்கால் வருந்திய பிக்கு ஒருவர், தம் மலசலத்திலேயே விழுந்து கிடந்தார். ஆனந்தரோடு வந்த பகவன் புத்தர் அவரைக் கண்டு, உமக்குப் பணிவிடை செய்வார் இல்லையோ என வினவினார். இல்லை என்றார் அவர். ஏன் என்று கேட்டபோது அப்பிக்கு கூறிய காரணத்தை நாம் மறக்கலாகாது. தாம் மற்றப் பிக்குகளுக்கு எவ்வுதவியும் செய்யாதவர். ஆதலால் அவர்கள் தம்மைக் கவனிப்பதில்லை என்றார் அவர். பகவன் அவருக்கு உபதேசம் செய்யவில்லை. ஆனந்தரை நீர் கொணரச் செய்தார். பகவன் நீர் ஊற்ற, ஆனந்தர் கழுவினார். தலைப்புறம் பகவனும் கால்புறம் ஆனந்தரும் பிடித்துத் தூக்கிக் கட்டிலில் கிடத்தினர். அதன் பின்னரே சங்கத்தைக் கூட்டி, தமக்குப் பணிவிடை செய்ய விரும்புவோர் நோயாளிக்குச் செய்க என்று அறிவுறுத்தினார்.

பயன் தந்தவனுக்கே பணிவிடை என்ற கணக்கைப் பகவன் அன்று உடைத்தார். இக்கணக்கை நாம் நன்கறிவோம். கோலார் தங்கவயலில் நம் முன்னோர் எத்தனை தலைமுறை உழைத்தனர்! பாறைத்தூள் நுரையீரலில் படிந்து, இழுத்த மூச்சு முழுமையாக வராத நிலையில் வீடு திரும்பியோர் எத்தனை பேர்! 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டபோது, தேவை தீர்ந்த பொருள்போலத் தாம் ஒதுக்கப்பட்டதாக உணராத குடும்பம் அங்கே அரிது. உழைப்பு உள்ளவரை உறவு; உழைப்பு ஓய்ந்தபின் யாரோ. இந்நெறியால் புண்பட்டவர்கள் நாம். பூனையையும் வீட்டில் எலிக்காகவே கொணர்ந்தோம். இருபது தலைமுறை எலிகளைப் பிடித்த பூனைக்கு இன்று பல்லில்லை. எலி எதிரே ஓடினாலும் அதற்குக் கண் தெரிவதில்லை. அதனிடம் பயன் தீர்ந்தது. பயன் தீர்ந்த உயிரை என்ன செய்கிறோம் என்பதிலேயே நாம் ஏற்ற தம்மம் சொல்லளவினதா, செயலளவினதா என்பது விளங்கும்.

அதே மகாவக்கப் பகுதி, நோயாளிக்குப் பணிவிடை செய்யத் தக்கவனுக்குரிய ஐந்து தகுதிகளையும் எண்ணிக் கூறுகிறது. மனித நோயாளியைக் குறித்துச் சொல்லப்பட்ட அவற்றை, வாயில்லா உயிருக்கும் பொருத்திப் பார்ப்போம்.

முதலாவது, மருந்தை முறையாகச் செய்தளிக்க வல்லவனாதல். சித்த மருத்துவராக விளங்கிய பண்டிதர் அயோத்திதாசரின் வழிவந்த நமக்கு, மருந்தறிவு அறத்திற்குப் புறம்பானதன்று. அன்பு மட்டும் போதாது. அறியாத அன்பு கொல்லும். காய்ச்சலுக்கு நாம் விழுங்கும் பாராசிட்டமால் மாத்திரை பூனைக்குக் கொடிய நஞ்சு. ஒரே மாத்திரை உயிரைப் போக்கிவிடும். அம்மருந்தைச் சிதைத்து வெளியேற்றும் ஆற்றல் பூனையின் ஈரலுக்குப் போதிய அளவில்லை என்பதே காரணம். ஆஸ்பிரினும் அவ்வாறே அதன் உடலில் நெடுநேரம் தங்கித் தீங்கிழைக்கும். ஆகவே மனிதருக்குரிய எதனையும் கால்நடை மருத்துவரைக் கேளாமல் கொடுத்தலாகாது. மருத்துவர் சொல்லிக் கொடுப்பின், தோலுக்கடியில் உப்புநீர் ஏற்றுவதை வீட்டிலேயே செய்யலாம். தளர்ந்த சிறுநீரகத்தோடு வாழும் பூனைகள் பலவற்றுக்கு அது மாதக்கணக்கில், சிலவற்றுக்கு ஆண்டுக்கணக்கில் துன்பம் குறைந்த வாழ்வைத் தந்திருக்கிறது.

இரண்டாவது, ஏற்றது இது, ஏலாதது இது என்று அறிந்து, ஏற்றதைக் கொடுத்து ஏலாததை விலக்குதல். புலாலை நீக்கிய அன்பர் சிலர், பூனைக்கும் தயிர்சோறே போதும் என்பர். பூனை இயற்கையால் ஊனுண்ணி. இறைச்சியிலும் மீனிலும் உள்ள டாரின் என்னும் சத்தின்றி அதன் கண்ணும் இதயமும் கெடும். அச்சத்துக் குறைவால் பூனைகளின் இதயம் தளர்வதை 1987-ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்று நிறுவிற்று. நம் விரதத்தை அதன்மேல் சுமத்துவது அகிம்சையன்று. சந்தையில் விற்கும் மீனில் ஒரு துண்டை அவித்து மசித்துக் கொடுத்தல் தகும். வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செரிக்காது. வெங்காயமும் பூண்டும் சேர்ந்த குழம்புச்சோறு அதன் இரத்தத்தைக் கெடுக்கும். மேலும், பூனை ஓரிரு நாள் ஒன்றுமே உண்ணாதிருப்பின், "பசித்தால் தானே உண்ணும்" என்று வாளாவிருத்தல் கூடாது. உணவற்ற பூனையின் ஈரலில் கொழுப்பேறி அதுவே உயிருக்குக் கேடாகும்.

மூன்றாவது, பொருளாசையின்றி மைத்திரி நெஞ்சோடு பணிவிடை செய்தல். இதைப் பற்றி மேலே கூறினோம்.

நான்காவது, மலம், சிறுநீர், எச்சில், வாந்தி ஆகியவற்றை அகற்ற அருவருப்புக் கொள்ளாமை. இங்கே சற்று நின்று சிந்தித்தல் நலம். முதிர்ந்த பூனைக்குச் சிறுநீர் அடங்காது. பாயிலும் படியிலும் கழித்துவிடும். அதைத் துடைப்பது யார்? பிறர் கழிவை அள்ளுவதே உன் பிறவிக்கடன் என்று நம்மவருட் பலரின் தலையில் சாதி எழுதி வைத்தது. 2013-ஆம் ஆண்டுச் சட்டம் மனிதக் கழிவை மனிதன் கையால் அள்ளுவதைத் தடைசெய்த பின்னரும் அக்கொடுமை ஒழிந்தபாடில்லை. இந்நிலையில், "கழிவைத் துடைப்பது பெரும்பேறு" என்று எவரேனும் நம்மிடம் இனிமையாகப் பேசினால் நாம் ஐயுறுவது இயல்பே. ஆனால் வேறுபாடு தெளிவானது. ஒருவனைப் பிறப்பால் பிணித்து, அச்சுறுத்தி, அவன் தலையில் சுமத்திய வேலை இழிவு. அவ்விழிவு சுமத்தியவனைச் சேர்ந்தது. தன் வீட்டு நோயாளிக்குத் தானே மனமுவந்து செய்வது பணிவிடை. சாக்கிய குலத்தில் தோன்றிய பெருமான் நீர் ஊற்றிக் கழுவுவித்தது பணிவிடை. ஆகவே பூனையின் கழிவை அகற்ற ஓர் ஏழையைக் கூலிக்கு அழைப்போமாயின், அன்றி வீட்டுப் பெண்களின் தலையிலேயே அதனைக் கட்டிவிட்டு ஆண்கள் அகன்று நிற்போமாயின், நாம் பணிவிடை செய்யவில்லை. சாதிமுறையைச் சிறிய அளவில் நடத்துகிறோம். வீட்டுத் தலைவர் எவரோ அவரே முதலில் துணியை எடுக்கட்டும்.

ஐந்தாவது, காலமறிந்து தம்மம் எடுத்துரைத்து நோயாளியைத் தேற்றுதல். பூனைக்குத் தம்மம் உரைப்பதெப்படி என்று நகைப்பாரும் உளர். உண்மை, நம் சொற்கள் அதற்குப் புரியா. பழகிய குரலும், பழகிய கையும், இடம் மாறாத படுக்கையும், கூச்சலற்ற மூலையுமே அதற்குத் தேறுதல். ஆனால் அம்மூலையில் தம்மம் எதிர்த்திசையில் நடைபெறுகிறது. மூப்பு, பிணி, சாவு ஆகியவற்றை மனிதனை விழிக்கச் செய்ய வரும் தூதர்கள் என்று நம் நூல்கள் கூறும். மருத்துவமனைக்கும் இடுகாட்டுக்கும் சென்று நாம் அரிதாகக் காணும் அத்தூதர், நம் அடுப்பங்கரையிலேயே நாள்தோறும் வந்தமர்கின்றனர். கூரையில் பாய்ந்தோடிய உடல், வாயிற்படி ஏற மாட்டாமல் நிற்கிறது. இஃது எனக்கும் வரும் என்று உணராமல் அதை எவரால் காண முடியும்? நம் இல்லத்துச் சிறுவர், தாத்தாவையும் பாட்டியையும் நாளை எவ்வாறு நடத்துவர் என்பதை, இன்று அவர்கள் பூனையின் பக்கத்தில் அமர்ந்து கற்றுக்கொள்கின்றனர்.

மேற்கூறிய பகுதியிலேயே, பணிவிடை செய்வதற்கு அரிதான நோயாளியின் இயல்புகளும் கூறப்பட்டுள்ளன. தன் நோயை உள்ளவாறு சொல்லாதவன், மருந்தை உட்கொள்ளாதவன் என்பன அவற்றுட் சில. பூனையிடம் இவ்விரண்டும் உள்ளன. அதன் தவற்றால் அல்ல, அதன் பிறவியால். மருந்து கொடுக்கும் கையை அது கீறும். நன்றியும் கூறாது. நன்றியை எதிர்பாராத பணிவிடைக்கு இதனினும் சிறந்த பயிற்சிக்களம் வேறு எங்கே உளது?

இனி, ஊசியைப் பற்றிய கேள்வி. இதில் நாம் சொற்களால் நம்மை ஏமாற்றிக்கொள்ளலாகாது. உயிர்க்கொலை நிறைவேற ஐந்து கூறுகள் வேண்டும் என்று உரையாசிரியர்கள் வகுத்தனர்: ஓர் உயிர் இருத்தல், அஃது உயிரென அறிதல், கொல்லும் எண்ணம், அதற்குரிய முயற்சி, அதனால் விளையும் சாவு. இறுதி ஊசியில் ஐந்தும் உள்ளன. 'தூங்க வைத்தல்' என்று பெயரிட்டாலும் ஒன்றும் குறைவதில்லை. இரக்கத்தால் செய்தோம் என்பதால் அது கொலையல்லாமல் ஆகிவிடுமா? நோயுற்ற பிக்குவிடம் இரக்கம் கொண்டு சாவைப் புகழ்ந்து பேசி, அதனால் அவர் இறக்கக் காரணமாயிருந்த பிக்குகளைப் பாராஜிகக் குற்றத்திலிருந்து வினயம் விடுவிக்கவில்லை. விலங்கை வேண்டுமென்றே கொல்லுதல், பிக்குகளுக்குப் பாசித்தியம் என்னும் வகையைச் சேர்ந்த குற்றம். பாராஜிகம்போலச் சங்கத்தினின்று நீக்கும் குற்றமன்று, ஒப்புக்கொண்டு திருந்தி நடக்கத்தக்கது. குற்றத்தில் அளவு வேறுபாடு உண்டு. ஆயினும் கொலை எங்கும் நன்மையென எண்ணப்படவில்லை.

மறுபுறத்தையும் பார்த்தல் வேண்டும். பாபாசாகேப், அகிம்சையைப் பகவன் ஒரு கட்டளைச் சட்டமாக வகுக்காமல், வாழ்வின் அடிப்படை நெறியாகவே வகுத்தார் என்றும், கொல்லும் விருப்பம் வேறு, கொல்லவேண்டிய தேவை வேறு என்றும் விளக்கியுள்ளார். நெறி என்பது சூழ்நிலையை ஆராய்ந்து செயற்பட இடமளிப்பது. எம்மருந்தும் தணிக்கமாட்டாத வேதனையில் ஓர் உயிர் துடிக்க, மருத்துவரும் வேறு வழியில்லை என்று உரைக்க, கண்ணீரோடு அம்முடிவுக்கு வந்த குடும்பத்தை, "சீலம் கெட்டவர்" என்று ஒதுக்க நமக்கு உரிமையில்லை.

எனவே நம் கருத்து இது. ஊசி முதல் விடையன்று. பலர் அதனை முதல் விடையாகக் கொள்வதே நம்மை வருத்துகிறது. அதற்கு முன்னர்ச் செய்யத்தக்கன பல. வலி தணிக்கும் மருந்துகள் பூனைக்கென்றே உண்டு. அவற்றை மருத்துவரிடம் வற்புறுத்திக் கேட்கலாம். பயனற்றுப்போன சிகிச்சையை நிறுத்திவிட்டு, வலியை மட்டும் தணித்து, இயற்கையாக முடிய விடுதல் கொலையன்று. விரும்பாத வாயில் உணவைத் திணித்துச் சாவை நீட்டிப்பது கருணையுமன்று. இவையெல்லாம் செய்து தீர்ந்த பின்னரும் அக்கேள்வி எஞ்சுமாயின், இல்லத்தார் ஒருங்கே அமர்ந்து தம்மைத் தாமே கேட்கட்டும்: நாம் முடிக்க விரும்புவது அதன் துன்பத்தையா, அதைக் காணும் நம் துன்பத்தையா? இரவில் விழிக்கும் அலுப்பும், துடைக்கும் அருவருப்பும், செலவும் இம்முடிவில் எவ்வளவு பங்கு கொண்டுள்ளன? இன்றும் அது எலி பிடிக்குமாயின் இதே முடிவைச் செய்வோமா? இக்கேள்விகளுக்கு நேர்மையாக விடையிறுத்த பின்னர் ஒருவர் எடுக்கும் முடிவு எதுவாயினும், அதை அவர் பெயர் மாற்றாமல் சுமக்கட்டும். கொலையைப் புண்ணியம் என்று அழைக்க வேண்டா; சுமந்தவரை நாம் இகழவும் வேண்டா.

ஊசியைப் பற்றி இவ்வளவு ஆராய்கிறோம். ஆனால் நம் ஊர்களில் மூப்படைந்த பூனைகளிற் பல ஊசியால் சாவதில்லை. கோணிப்பையில் கட்டி, மீன் சந்தையின் பின்புறத்திலோ, ஊரெல்லைக்கப்பாலோ விட்டுவரப்படுகின்றன. "நாம் கொல்லவில்லை, அது எங்கேனும் பிழைத்துக்கொள்ளும்" என்பது அதற்குச் சொல்லும் சமாதானம். பல்லும் கண்ணும் போன பூனை எங்கே பிழைக்கும்? நாய்க்கும் பசிக்கும் வண்டிச் சக்கரத்துக்கும் அதை ஒப்படைத்துவிட்டு, நம் கை தூய்மை என்கிறோம். ஐந்து கூறுகளில் ஒன்று குறைவதால் சீலம் நிலைத்தது என்று கணக்கிடுவோர், சீலத்தைப் பழைய சாத்திரிகள் கையாண்டதுபோலவே கையாள்கின்றனர். பசியாலும் தாகத்தாலும் துன்புறும்படி தக்க காரணமின்றி விலங்கைக் கைவிடுதல், 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படியும் குற்றம். பாபாசாகேப் தலைமையில் வரையப்பட்ட அரசியலமைப்பில், 1976-இல் நிறைவேறிய நாற்பத்திரண்டாம் திருத்தம் உயிர்களிடத்து இரக்கம் காட்டுதலைக் குடிமக்களின் அடிப்படைக் கடமைகளுள் ஒன்றாகச் சேர்த்தது. ஆயினும் சட்டத்திற்கு அஞ்சி அன்று, கைவிடப்படுதல் என்பது யாதென நாம் அறிந்தவர்கள் என்பதாலேயே அதைச் செய்யாதிருத்தல் வேண்டும். மணிமேகலைக் காப்பியத்தின் ஆபுத்திரன், பெற்ற தாயால் கைவிடப்பட்ட குழவி. ஏழு நாள் பாலூட்டி அவனைக் காத்தது ஓர் ஆ. பின்னாளில் வேள்விக்கெனக் கட்டப்பட்ட ஆவொன்றை அவன் மீட்டான். அதற்காக அடியும் பழியும் பெற்றான். அதன்பின் மதுரையில் குருடர், செவிடர், முடவர், ஆதரவற்றோர், பிணியாளர் ஆகியோருக்குச் சோறிட்டவனும் அவனே. விலங்கிடம் காட்டிய இரக்கம் மனிதனிடம் காட்டும் இரக்கத்தைக் குறைக்கும் என்போர் அவன் வரலாற்றை நோக்குக.

செலவைப் பற்றியும் ஒரு சொல். பூனையின் மருத்துவத்திற்காக வட்டிக்குக் கடன் வாங்குவதும், பிள்ளையின் பள்ளிக் கட்டணத்தை நிறுத்துவதும் நடுவழியன்று. அரசு கால்நடை மருத்துவமனைகள் உள்ளன. முதலில் அவற்றை நாடலாம். சோதனைகள் அனைத்தும் செய்ய இயலாத குடும்பம் குற்றமுணர வேண்டுவதில்லை. தூய நீர் எப்போதும் எட்டும் இடத்தில் இருத்தல், மசித்த உணவைச் சிறிது சிறிதாகப் பலமுறை அளித்தல், குளிரில் பழந்துணியால் ஒரு படுக்கை, ஏற எளிதான ஒரு தாழ்ந்த மணல் தட்டு, சடைபிடித்த மயிரை நீவிவிடும் கை ஆகியவற்றுக்குப் பணம் மிகுதியும் வேண்டா. முதுமைக்கு வேண்டியவற்றுள் பெரும்பகுதி காசால் ஆவதன்று. பொழுதாலும் பொறுமையாலும் ஆவது.

அது இறந்தபின் சடங்கொன்றும் தேவையில்லை. சகுனமும் தோஷமும் பார்க்க வேண்டா. பூனை குறுக்கே போனால் தீங்கு என்னும் மூடநம்பிக்கையை விட்டொழித்தவர்கள், அதன் சாவிலும் அச்சம் காணார். முற்பிறவியில் அது நமக்கு யாராயிருந்தது என்று ஆராயவும் வேண்டா. இப்பிறவியில் அது நம் வாயிலில் இருந்தது என்பதே போதும். மண்ணில் ஆழக் குழியெடுத்து அடக்கம் செய்து, சிறிது நேரம் வாய்பேசாதிருந்து, நிலையாமையைச் சிந்தித்து, இயன்றால் அன்று பசித்த ஒரு மனிதருக்கு உணவிடுக. பூனைக்குச் செய்த பணிவிடை அங்கே மனிதனிடம் வந்து சேரட்டும். அவ்வாறு வந்து சேருமாயின், மனிதரை விட்டுவிட்டுப் பூனையைப் பேணினோம் என்று நம்மைக் கேட்பார் இரார்.